கழட்டி அத்தை கட்டிய வண்டி

எங்கள் சின்னச் சித்திக்கு மூன்று பெண்கள். மூத்தவள் வாயாடி, நடுவிலுள்ளவள் கோபக்காரி, கடைசியவள் இருக்கும் இடமே தெரியாது. அந்தக் கடைசியவளைப் பற்றித்தான் சொல்கிறேன். கட்டிக்கொண்டவன் கை கழுவிவிட்டுப் போன பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். தலை நரைத்தது அங்கேதான்.

பெருக்கித் துடைப்பதோடு இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்தது. வார்டில் ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்டிக் கட்டைகள், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கிற மாதிரி. படுத்துக் கிடக்கும் பிள்ளைகள் வீடு, கப்பல் என்று எதையாவது கட்டும். ஒரு பிள்ளையின் நோய் இன்னொன்றுக்கு ஒட்டக் கூடாதென்று, சாயங்காலம் எல்லாவற்றையும் பிரித்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துப் பெட்டியில் போட வேண்டும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் கழட்டி அத்தை. "கழட்டி அத்தை வர்றாங்க, ஒளிச்சு வைங்க" என்று ஒன்று சொல்லும். "ஒளிச்சா கட்டிலையும் சேத்துக் கழட்டிருவேன்" என்பாளாம் இவள். எங்களிடம் ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாதவள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் பிள்ளை. ரத்தத்தில் கோளாறு. தாய் இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர். லோடு இறக்கிவிட்டு நேரே வருவார், நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்.

அந்தப் பிள்ளை ஒரு மோட்டார் சைக்கிள் கட்டியது. இப்போது ஓடுகிற வண்டி இல்லை, தான் பெரியவளானதும் வரப்போகிற வண்டி. பெட்ரோல் டேங்க் கிடையாது. மூக்கு மீன் போல நீண்டிருக்கும். சக்கரத்தின் நடுவில் கம்பியும் இல்லை, அச்சும் இல்லை, வெறும் வளையம்தான்.

"அச்சு இல்லாம எப்படிடி நிக்கும்?"

"அப்போ நிக்கும் அத்தை."

சாயங்காலம் இவள் கழட்டுவாள். காலையில் அது முதலிலிருந்து கட்டும். கழட்டும்போது பக்கத்திலிருந்து அதிகாரம் வேறு. மூக்கை முதலில் எடுக்க வேண்டும், அப்புறம் சீட்டு, பிடுங்கக் கூடாது, நெகிழ்த்தி எடுக்க வேண்டும். மாமியாருக்குக்கூட அப்படி அடங்கியதில்லை என்று இவள் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் மதியம் பிள்ளைக்கு மூச்சு வாங்கி, தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. வண்டி கட்டிலோர மேசையில் நின்றது. அந்தக் கட்டிலுக்கு வேறு பிள்ளை வருகிறதென்று நர்ஸம்மா அவசரப்படுத்தினார். இவள் அதையும் கழட்டினாள். முதலில் மூக்கு, அப்புறம் சீட்டு. யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பிள்ளையின் அப்பா வந்தார். "அந்த வண்டிய மட்டும் குடுங்கக்கா. நான் அத ஒழுங்காப் பாத்ததே இல்ல. வந்தா தூங்கிருவேன்."

இவள் கட்டைப் பெட்டியைக் காட்டினாள். "கழட்டிட்டேன் தம்பி."

அவர் திட்டவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள் என்னிடம்.

பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். ஒரு கட்டையோடு இன்னொன்றை அவள் மாட்டிப் பார்த்ததே கிடையாது. பிரிக்க மட்டும்தான் தெரியும். ஆனால் கடைசியில் கையில் மிஞ்சுகிற நீளக் கட்டை ஒன்று உண்டு. பிள்ளை முதலில் வைத்தது அதுவாகத்தான் இருக்கும் என்று அதை எடுத்தாள். அங்கிருந்து பின்னோக்கிப் போனாள். பின்சக்கரத்தில் கை நின்றுவிட்டது. கண்ணை மூடி, கழட்டும்போது கட்டைவிரல் எந்தப் பக்கம் தள்ளும் என்று காற்றில் தள்ளிப் பார்த்தாள். அதற்கு எதிர்ப் பக்கமாக வளையத்தை அழுத்தினாள். பொருந்தியது. சீட்டும் மூக்கும் ஏறின.

வாசலில் நின்று பார்த்த நர்ஸம்மா, அவரே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அப்பா வண்டியைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "இதக் கழட்டுங்கக்கா" என்றார்.

"இப்பத்தானே கட்டினேன்?" என்றாள் இவள்.

"மெதுவாக் கழட்டுங்க. நான் பாத்துக்கறேன். அவ கட்டின மாதிரி நானே கட்டணும்."

கழட்டினாள். அவர் கட்ட ஆரம்பித்தார். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்கள். சின்னக் கட்டைகள் நழுவி நழுவி விழுந்தன. இரண்டு தடவை நடுவில் சரிந்தது. மூன்றாவது தடவை இரண்டு வளையத்திலும் வண்டி நின்றபோது, அவர் அப்படியே குனிந்து அழுதார்.

இவள் அழுகை ஓய்கிறவரை காத்திருந்தாள். பிறகு, அடுத்து மாட்ட வேண்டிய சீட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.