புகைக்குழாயில் கட்டிய விளக்கு

வீணாய்ப் போகிறதைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்புகிற தொழிலில் முதலில் கைக்குப் பிடிபடுவது கரி. பகலில் தூக்கம் வராத நைட் ஷிஃப்ட் ஆசாமிகள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும். ஊரெல்லாம் சுறுசுறுப்பாய் இருக்கும்போது நமக்குக் கண் எரியும், மனசு மட்டும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்தில்தான் இந்தக் கிறுக்கெல்லாம் பிடிக்கிறது.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருஷமாக நைட் ஷிஃப்ட். படிப்பு எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் பழைய புத்தகத்திலும் பிரித்துப்போட்ட மோட்டாரிலும் கற்றது. பகல் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் சர்டிபிகேட் எங்கே என்றார்கள். அது இல்லாதவன் எதையாவது செய்துதானே காட்டவேண்டும்? கார் சைலன்சர் வழியாக அவ்வளவு சூடும் வேகமும் சும்மா வெளியே போகிறது. அந்தப் புகை ஒரு சின்ன டர்பைனைச் சுற்றட்டும், டர்பைன் ஒரு டைனமோவைச் சுற்றட்டும், கரன்ட் வரட்டும். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் வந்தது.

கார்தான் என்னிடம் இல்லை. சுங்குவார்சத்திரம் ஸ்டாண்டில் அம்பாசடர் டாக்சி ஓட்டிய தனபாலிடம் இருந்தது. உறவில்லை, இருந்தாலும் மச்சான். ஏறுகிற பெட்ரோல் விலையில், கரன்ட் சும்மா வருமென்றால் அவன் எதற்கும் தயார்.

வாலாஜாபாத் ரோட்டில்

முதல் டர்பைனின் இறக்கைகளை டால்டா டின்னில் வெட்டி ஈயத்தால் ஒட்டினேன். ரேடியோ ரிப்பேரில் பழகிய கை, எதை ஒட்டுவதென்றாலும் ஈயத்தைத்தான் தேடும். சைலன்சர் சூட்டில் ஈயம் உருகும் என்று பாய்லர்காரனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

பெண் பார்க்க வாலாஜாபாத் கிளம்பிய ஒரு குடும்பம் தனபால் வண்டியில் ஏறியது. நான் முன்சீட்டில், டைனமோவில் மாட்டியிருந்த பல்பைப் பார்த்தபடி இருந்தேன். மூன்றாவது மைலில் பல்பு கண் சிமிட்டியது, பிறகு கண்ணை மூடிக்கொண்டது. பின்பக்கக் கண்ணாடி வழியாக ரொம்ப நேரமாய்ப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார்: "டிரைவரு, உன் வண்டி வழி பூரா முட்டை போட்டுக்கினே வருதுபா."

வெள்ளை வேட்டி

அடுத்ததைக் கனத்த தகட்டில் செய்து வெல்டிங் வைத்தேன். இறக்கை நின்றது, பேரிங் நிற்கவில்லை. கிரீஸ் நெய்யாய் உருகி ஒழுகியது. அதற்கு ஒரு வழி செய்து, ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, அடியில் படுத்துக்கொண்டு தனபாலை ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னேன். டர்பைன் கூட்டில் ஓர் இடைவெளி இருந்தது. நேர் எதிரே கொடியில் என் இரண்டு வேட்டிகளும் பக்கத்து வீட்டுப் படுக்கை விரிப்பும் காய்ந்துகொண்டிருந்தன.

என் மனைவி கமலா கத்தவில்லை. கரி படிந்த வேட்டியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியில் இருந்த என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "ராத்திரிதான் வூட்ல இல்ல. பகல்ல இருந்தும் காருக்கு அடியில கீற. உன் காலு ரெண்டு மட்டும்தான் எனக்கு அடையாளம் தெரியுது."

பகல் ஷிஃப்ட் எனக்கு எவ்வளவு அவசரம் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஏரிக்கரை மேடு

புகை வருகிற வாயைச் சுருக்கினால் வேகம் கூடும், வேகம் கூடினால் வெளிச்சம் கூடும். சுருக்கினேன், கூடியது. அன்று சாயங்காலம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு தனபால் செம்பரம்பாக்கம் போனான். நான் டூட்டிக்குக் கிளம்புகிற நேரத்துக்குத் திரும்பிவந்தான், சட்டையெல்லாம் நனைந்து.

"எப்படிடா எரிஞ்சுது?" என்றேன்.

"ஜோரா எரிஞ்சுது மச்சான். ஏரிக்கரை மேட்டுல வண்டி ஏறல. அந்த வெளிச்சத்துலதான் அஞ்சு பேரும் எறங்கித் தள்ளிக்கினு போனோம்."

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டு போட்டேன். எந்தச் சவாரி, எத்தனை பேர், வாய் எவ்வளவு சுருக்கம், லிட்டருக்கு எவ்வளவு தூரம் எல்லாம் எழுதினேன். மூன்று மாதம் விடாமல்.

மேனேஜர் ஏறிய சனிக்கிழமை

விஷயம் மெயின்டெனன்ஸ் மேனேஜர் காதுக்குப் போனது. "சனிக்கிழமை கொண்டா. நல்லா ஓடினா பகல் ஷிஃப்டுக்கு நானே எழுதறேன்" என்றார். நடுவில் பேட்டரி இருந்தால் சந்தேகப்படுவார் என்று பல்பை டைனமோவோடு நேராக இணைத்து டாஷ்போர்டில் வைத்தேன்.

வல்லம் வடகால் பக்கம் வயல்களுக்கு நடுவே போனோம். பல்பு மஞ்சளாய், கம்பீரமாய் எரிந்தது. மேனேஜர் தலையாட்டினார். மதகுப் பாலம் ஏறி இறங்கும்போது பட்டென்று அணைந்தது. என் உயிரும் கூடவே போனது. சமதரை வந்ததும் தானாக எரிந்தது. அடுத்த இறக்கத்திலும் அதே கதை. அப்போதுதான் தனபாலின் கையைப் பார்த்தேன். ஸ்டாண்ட் டிரைவர்கள் அத்தனை பேருக்கும் இருக்கிற பழக்கம்: இறக்கம் வந்தால் பெட்ரோல் மிச்சம் பிடிக்க சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் உருட்டுவார்கள். இன்ஜின் நின்றால் புகை ஏது, புகை இல்லாமல் கரன்ட் ஏது? தொடையில் கிள்ளினேன். "கை தானா போவுது மச்சான்" என்று முனகினான்.

செய்த தப்பைச் சரிக்கட்ட நினைத்தானோ என்னவோ, மேனேஜர் பெட்ரோல் எப்படி என்று கேட்டதும், "மைலேஜ் கூட ஏறிடுச்சி சார்" என்று ஒரே போடாய்ப் போட்டான். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் பகல் ஷிஃப்ட் என் பையில். ஆனால் மூன்று மாதம் வியர்த்து எழுதிய நோட்டை ஒருவன் ஒரே வரியில் பொய்யாக்கினால் பொறுக்குமா? "இல்ல சார், குறையுது" என்று நோட்டை எடுத்து நீட்டிவிட்டேன். புகைக்கு வழியை அடைத்தால் இன்ஜின் திணறும், அந்தத் திணறலுக்குப் பெட்ரோல் போகும், அந்தப் பெட்ரோல்தான் பல்பில் எரிகிறது என்று கடைசிப் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். தனபால் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

மேனேஜர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, பக்கம் பக்கமாகப் படித்தார். கடைசியில் நோட்டை மூடினார். "நீ செஞ்சது உதவாது. ஏன் உதவாதுன்னு இவ்வளவு ஒழுங்கா எழுதி வச்சிருக்கே பாரு, அது எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தனுக்கும் வராது. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்துடு."

திங்கட்கிழமை

சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு வந்தேன். கமலாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். எட்டு மணிக்குப் படுத்தேன். பத்தொன்பது வருஷமாக அந்த நேரத்தில் டூட்டிக்குத் தயாரான உடம்பு, எப்படித் தூங்கும்? ஒன்பதுக்கு எழுந்தேன். டேபிள் ஃபேன் சுற்றும்போது மோட்டார் சூடாவதைத் தொட்டுப்பார்த்தேன். அந்தச் சூடும் வீண்தானே என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். புழுக்கம் தாங்காமல் எழுந்து வந்த கமலா, தரையில் ஃபேன் எட்டுத் துண்டாய்க் கிடப்பதைப் பார்த்தாள்.

"உன் மேனேஜரு வூடு எங்க கீது? இட்டுனுபோய் உன்னத் திருப்பிக் குடுத்துட்டு வரேன்."

சூடு வீணாகிறதே என்று கவலைப்படுகிற மனுஷனை எந்த ஷிஃப்டில் போட்டாலும் வியர்ப்பதென்னவோ பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான்.