தேதியோட போட்ட மீன்கொத்தி படம்

என் வீட்டுக்காரரோட அண்ணனுக்கு நான் வெச்ச பேரு குறிப்பு. அவர் முன்னாடி மச்சான்னுதான் கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னாடி குறிப்புதான். எந்தப் படத்தை நெட்ல போட்டாலும் அதுக்குக் கீழ ஒரு குறிப்பு இருக்கும். எடுத்த தேதி, நேரம், இடம், எந்த கேமரா, எந்த லென்ஸ், ஷட்டர் வேகம் எவ்வளவு, எல்லாம். பெத்த பொண்ணு பட்டம் வாங்கின படத்துக்கும் அதேதான். பொண்ணு என்ன படிச்சான்னு ஒரு வார்த்தை இல்ல.

தண்ணி மோட்டாருக்கு உதிரி பாகம் விக்கிற கடையில கவுண்டர்ல நிக்கிறதுதான் அவருக்கு வேலை. கடையில வாயே திறக்க மாட்டாராம். வீட்டுக்கு வந்தா கேமராகிட்ட பேசுவாரு. கேமராவுக்குப் பூசணம் பிடிக்கக் கூடாதுன்னு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதுக்குள்ள ஈரம் காட்டுற ஒரு மீட்டர். அவர் பொண்டாட்டி, என் ஓரகத்தி, நாலு வருஷமா சுவத்துல ஓதம் ஏறின ரூம்ல படுத்து இருமிக்கிட்டு இருக்கா. அவளுக்கு ஒரு மீட்டரும் கிடையாது.

அவர் மாதிரி ஆளுங்களா சேர்ந்து ஒரு குரூப் வெச்சிருக்காங்க. பறவைப் படம் மட்டும்தான். தேதியும் கேமரா விவரமும் இல்லாம படம் போட்டா தூக்கிடுவாங்க. ஒரு தடவை ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர் பழைய படத்தை நேத்து எடுத்ததுன்னு போட்டுட்டாரு. ஃபைலைத் திறந்து, கேமரா அதுக்குள்ள பதிஞ்சு வெச்ச தேதியைப் பார்த்துக் கண்டுபிடிச்சதே நம்ம குறிப்புதான். அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிடாத குறையா மன்னிப்புக் கேட்டும் விடல. "தேதியில பொய் சொல்றவன் எதுலயும் சொல்வான்"னு எழுதி வெளியே தள்ளினாரு. அதை எங்களுக்கெல்லாம் படிச்சு வேற காட்டினாரு.

மாமியார் கடைசி வரைக்கும் என் நாத்தனார் வீட்டுலதான் இருந்தாங்க. நாத்தனாருக்குத் தையல் தொழில். கட்டினவன் பாதியில விட்டுட்டுப் போனவன். ஒரே ரூம். ஒரு பக்கம் மெஷின், மறு பக்கம் கட்டில். ஒரு காலு மெஷினை மிதிக்கும், கண்ணு கட்டில் மேல இருக்கும். எனக்கும் அவளுக்கும் பெருசா ஒட்டாது. நான் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு சொல்வா. ஆனா மாமியாரோட முதுகுல ஒரு புண்ணு வராம பார்த்துக்கிட்டா. அதை என்னால மறைக்க முடியாது.

மாமியார் போன அன்னைக்குக் காலையிலயே மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. எங்களுக்குப் போன் வந்துச்சு. நாங்க வேற ஊரு. பஸ் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. உள்ளூர்லயே இருக்கிற மூத்த மகன் பொழுது சாயுற நேரத்துக்குத்தான் வந்தாரு. வந்தவரு அம்மா முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தங்கச்சியைப் பார்த்தாரு.

"தம்பிக்குப் போன் பண்ணத் தெரியுது, எனக்குப் பண்ணக் கை வரலையா உனக்கு?"

"பண்ணேன் அண்ணா. பண்ணிக்கிட்டே இருந்தேன். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. கடைக்கும் பண்ணேன். லீவுன்னாங்க."

"யாரு சொன்னது லீவுன்னு? நான் கிடங்குல சரக்கு எண்ணிக்கிட்டு இருந்தேன். அங்க சிக்னல் கிடையாது. கடையில யாரு எடுத்தா, பேரைச் சொல்லு பார்ப்போம்."

அவளுக்குப் பேரு தெரியல. செத்துக்கிட்டு இருக்கிற அம்மாவை மடியில வெச்சுக்கிட்டு எடுத்தவன் பேரையா கேட்பா? ஆனா அவ திணறினதை எல்லாரும் பார்த்தாங்க. என் வீட்டுக்காரரோட சித்தப்பா ஒருத்தர் இருக்காரு. எந்த வீட்டுப் பஞ்சாயத்துக்கும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ற ஆளு. "பெத்த தாயைக் கடைசியா பார்க்க விடாம பண்ணிட்டாளே. நான் ஒருத்திதான் பார்த்தேன்னு நாளைக்குச் சொல்லிக்கணும்ல"ன்னாரு. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. அன்னையிலேர்ந்து அவளை யாரும் எதுக்கும் கூப்பிடுறதில்ல. சொந்தக்காரப் பொம்பளைங்க ஜாக்கெட் தைக்கக்கூட வேற ஆளைத் தேடிக்கிட்டாங்க.

அவளுக்கு அதெல்லாம் பெருசில்ல. குறிப்போட பொண்ணுதான் பெருசு. ஓரகத்தி பிள்ளை பெத்து நோயில கிடந்தப்போ அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவ இவ. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாச்சு. நாத்தனார் வாய்விட்டு என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் கேட்டா. "ஏண்டி, என்னைக் கூப்பிடுவாங்களா? ஓரமா நின்னு பார்த்துட்டு வந்துடுவேன்." ரெண்டு வார்த்தைக்கு நாலு வார்த்தை பேசுறவ கேட்டது அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கு. ஒரு நாள் என் வீட்டுக்காரர் போனை நீட்டினாரு. "அண்ணன் போட்டிருக்கிற படத்தைப் பாரேன், என்னமா எடுத்திருக்காரு!" மீன்கொத்தி ஒண்ணு தண்ணியிலேர்ந்து எழும்புது, வாயில மீனு, சுத்தித் துளித் துளியா தண்ணி. நல்ல படம்தான். குரூப்ல வருஷத்துக்கு ஒரு போட்டி வைப்பாங்க, அதுக்காகப் போட்டது. ஒரு வருஷத்துக்குள்ள எடுத்த படமா இருக்கணுமாம். அந்தக் கெடு முடியப் போகுதுன்னுதான் இத்தனை நாள் யாருக்கும் காட்டாம வெச்சிருந்ததைக் கடைசி நேரத்துல வெளிய எடுத்திருக்காரு.

நான் பால் பாக்கெட் வாங்கினாலும் முதல்ல தேதியைத்தான் பார்ப்பேன். இதுலயும் கண்ணு நேரா கீழதான் போச்சு.

"ஏங்க, உங்கம்மா போன தேதி என்ன?"

சொன்னாரு. சொல்லிட்டுப் போனைத் திருப்பி வாங்கிப் பார்த்தாரு. படத்துக்குக் கீழயும் அதே தேதி. காலையில ஏழு பத்து. ஏரிக்கரை. கேமரா பேரு, லென்ஸ் பேரு, எல்லாம் சுத்தமா இருந்துச்சு. கிடங்கை மட்டும் காணோம்.

மறுநாளே ரெண்டு பேரும் கிளம்பி அவர் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அங்க சித்தப்பாவும் இருந்தாரு, கல்யாணப் பத்திரிகையில யார் பேரு முதல்ல வரணும்னு முடிவு பண்ண வந்திருந்தாரு. நான் போன்ல அந்தப் படத்தை எடுத்து நடுவுல வெச்சேன்.

"மச்சான், அன்னைக்குச் சரக்கு எண்ணப் போனேன்னு சொன்னீங்க. மீனுங்களை எண்ணினீங்களா?"

அவர் மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆனா தப்புன்னு ஒத்துக்கல. "வெளிச்சம் அன்னைக்கு மட்டும்தான் அப்படி இருந்துச்சு"ன்னாரு. "போன் அடிச்சா பறவை பறந்துடும், அதான் அணைச்சு வெச்சேன். அம்மாவுக்கு அன்னைக்கே ஆகும்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

ஓரகத்தி பதறினா. "ஐயோ, அந்தத் தேதியை மட்டும் எடுத்துடுங்களேன். இல்ல வேற தேதியா மாத்திப் போடுங்க. யாரு பார்க்கப் போறா?"

அதுக்கு அந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தாரு. "தேதியை மாத்துறதா? என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

சத்தியமா இதைத்தான் சொன்னாரு. எனக்குச் சிரிக்கிறதா செருப்பைத் தேடுறதான்னு தெரியல.

"சரி, தேதியை மாத்த வேணாம்"னேன். "உங்க தங்கச்சியைக் கூப்பிடுங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கல்யாணத்துக்கு வரட்டும்."

அவர் சித்தப்பாவைப் பார்த்தாரு. சித்தப்பா படத்தை ஒரு தடவை தள்ளி வெச்சுப் பார்த்தாரு, கிட்ட வெச்சுப் பார்த்தாரு.

"இப்போ போய் அவளைக் கூப்பிட்டா, இத்தனை நாள் ஏன் ஒதுக்கி வெச்சீங்கன்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்பாங்க. என்ன பதில் சொல்றது? பெத்த தாய் சாகிறப்போ இவன் குருவி பார்த்துக்கிட்டு இருந்தான்னா? ஒருத்தி பேரு ஏற்கனவே கெட்டுப்போச்சு. அதைச் சரி பண்றேன்னு இன்னொருத்தன் பேரையும் கெடுக்கணுமா?"

"அப்போ அவ கெட்டவளாவே இருக்கணுமா?"

"அவளுக்குப் பழகிடுச்சேம்மா"ன்னாரு சித்தப்பா.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. நான் உலுக்கினேன். "ஏதாவது பேசுங்க. உங்க அக்கா!" அவர், "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்"னாரு. அந்த வீட்டு ரத்தம், வேற எப்படி இருக்கும்?

நான் மட்டும் நேரா நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவ ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாத்திக்கிட்டு இருந்தா. போனைக் காட்டினேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் கீழே படிச்சா.

"ஏழு பத்தா?"

"ஆமா அண்ணி."

"அப்போ அம்மாவுக்குப் பேச்சு இருந்துச்சு"ன்னா. "பெரியவன் வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வண்டியில வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். எட்டு மணிக்கு அப்புறம்தான் வாய் கோணிக்கிச்சு."

ஏரியிலேர்ந்து அந்த வீடு நடந்து போற தூரம்.

கூப்பிட மாட்டாங்கங்கிறதையும் சொன்னேன். மறைச்சு என்ன பண்றது? அவ ஜிப்பை மேலயும் கீழயும் இழுத்துப் பார்த்தா, சரியா ஓடுதான்னு. அப்புறம் போனை எடுத்தா. தையல் கடை பேருல அவளுக்கு ஒரு கணக்கு இருக்கு, முகத்துக்குப் பதிலா ஒரு கத்தரிக்கோல் படம். அதுலேர்ந்து அந்த மீன்கொத்திக்குக் கீழ எழுதினா: 'இந்தப் படம் எடுத்த நேரத்துல அம்மா உன்னைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க அண்ணா. நான் உனக்குப் போன் பண்ணிக்கிட்டு இருந்தேன்.'

நாங்க ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். மேல ஒருத்தர் "அபாரம் சார்"னு போட்டிருந்தாரு, "நன்றி சகோதரா"ன்னு பதில். இன்னொருத்தர் "ஸ்டாண்டு போட்டு எடுத்ததா, கையில பிடிச்சா?"ன்னு கேட்டிருந்தாரு, அதுக்கு நாலு வரிப் பதில். ஒரு பொம்பளை "கொள்ளை அழகு"ன்னு எழுதியிருந்தா, "நன்றி சகோதரி". வரிசையா இறங்கி வந்துக்கிட்டே இருக்காரு. பாராட்டுறவங்க ஒருத்தரை விட மாட்டாரு மனுஷன்.

அவ எழுதினதுக்குக் கீழயும் வந்துச்சு.

'நன்றி சகோதரி.'

கூடவே கை கூப்பின ஒரு படம்.

அவ போனை என்கிட்ட கொடுத்துட்டு, பல்லால நூலைக் கடிச்சு அறுத்தா. "படிக்கவே இல்லடி அவன்"னா.

சாயங்காலத்துக்குள்ள அவ எழுதினதைக் குரூப்ல நீக்கிட்டாங்க, படத்துக்குச் சம்பந்தமில்லாத கருத்துன்னு சொல்லி. போட்டியில அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு. ஃபைலைத் திறந்து சோதிச்சாங்களாம், தேதி சரியா இருந்துச்சாம்.