கடலே காணாத கடத்தல்காரன்

ஜெத்ரோ ஸ்கிரேஸ் கடலையே பார்த்ததில்லை. தேம்ஸ் ஆற்றைப் படகில் கடக்கும்போதே குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தியெடுக்கிற ஆசாமி. லண்டன் நகருக்கு நடுவே ஹோல்போனில் ஒரு தையல்காரருக்குப் பிறந்தவன். ஆனால் கப்பல்கள் வந்து நிற்கிற எங்கள் வாப்பிங் கரையில் மாலுமிகள் போடுகிற தார் பூசிய தொப்பியும் காலை அகட்டிய நடையுமாக வருவதைப் பார்த்தால், நேற்றுதான் பிரான்சிலிருந்து வந்து இறங்கியவன் என்று சத்தியம் பண்ணுவீர்கள். நகக்கண்ணில்கூடத் தாரை ஈஷி வைத்திருப்பான். மாட்டுக் குடல் கழுவி விற்கிற எனக்கே அவன் பக்கத்தில் நின்றால் குமட்டும்.

நெசவாளர்கள் கழித்துப்போட்ட துணியை வாங்கி, பசையில் முக்கிப் பளபளப்பேற்றி, சால்வையாக மடித்துக்கொள்வான். சந்து முனையில் ஆளை ஒதுக்கி, சுங்கத்துக்குத் தெரியாமல் கரையேறிய பிரெஞ்சுப் பட்டு என்று காதோடு சொல்வான். வாங்கியவர்கள் ஏமாந்தது தெரிந்தாலும் யாரிடம் போய் முறையிடுவார்கள்? திருட்டுச் சரக்கு வாங்கினேன் என்றா? இந்தப் பிழைப்புக்கு டஃபிங் என்று பெயர். ஆளை மயக்கும் பேச்சுக்கு கேமன். புளுகுக்கு பாம். என் அப்பா காலத்தில் அதையே கடி என்பார்களாம். ஏமாந்தவனை அந்தக் காலத்தில் முயல் என்றார்கள், பிறகு புறா என்றார்கள், இப்போது தட்டை என்கிறார்கள். ஏமாற்றுகிறவன் மட்டும் கூர்மையானவன். அயோக்கியத்தனத்துக்கு எத்தனை செல்லப் பெயர்கள், தூ!

என் தங்கை டார்கஸ் நகரின் மேற்கே ஒரு வீட்டில் வேலைக்காரி. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவனிடம் ஒரு சால்வை வாங்கியிருக்கிறாள். அடுத்த முறை அதைப் போர்த்திக்கொண்டு வந்தவளை, தடை செய்த சரக்கென்று சுங்கக்காரன் மடக்கிவிட்டான். பிரெஞ்சுப் பட்டுதான், ஆனால் விற்றவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றாளாம். வாப்பிங்கில் பிறந்தவள் கடத்தல்காரனைக் காட்டிக்கொடுக்க மாட்டாள், கழுத்தை அறுத்தாலும் மாட்டாள். கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். செய்தி கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன்; சுங்கக்காரன் கையிலிருந்த சால்வையின் பசை நாற்றத்திலேயே அது யார் சரக்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் குடிக்கிற கடைக்கு ஓடினேன்.

“யோவ் ஸ்கிரேஸ், என் தங்கச்சி உன்னால உள்ள கெடக்கறா. அது போலிச் சரக்குன்னு வந்து ஒரு வார்த்த சொல்லு, விட்டுடுவாங்க.”

அவன் உதட்டிலிருந்த பீர் நுரையைத் துடைத்துக்கொண்டான். “என்னக்கா நீ! போலின்னு நானே சொன்னா அப்புறம் எவன் எங்கிட்ட வாங்குவான்? இந்தப் பேரெடுக்க நான் என்ன பாடு பட்டிருக்கேன்!”

“உன்னக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதானேடா அவ ஜெயிலுக்குப் போறா?”

“தங்கமான பொண்ணு. நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு.”

முகத்தில் காறித் துப்பினேன். துடைத்துவிட்டு இன்னொரு பீர் கேட்டான்.

மறுநாள் மாஜிஸ்திரேட், பெயரைச் சொல் அல்லது சிறைக்குப் போ என்றார். டார்கஸ் தலையை நிமிர்த்தி நின்றாள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், அவர் மேசையில் சாட்சியாகக் கிடந்த சால்வையை எடுத்துப் பக்கத்திலிருந்த தண்ணீர் ஜாடிக்குள் அமுக்கினேன். பசை கரைந்தது. சிவப்புச் சாயம் மேசையெல்லாம் ஒழுகியது. கையில் மிஞ்சியது ஒரு கந்தல்.

“இதுவாங்கய்யா பிரெஞ்சுப் பட்டு? நம்ம ஊரு குப்பை. வித்தவன் ஸ்கிரேஸ்.”

மாஜிஸ்திரேட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடடே, பொண்ண நல்லா டஃப் பண்ணிட்டான்யா!” குமாஸ்தாவும் சிரித்தான், சுங்கக்காரனும் சிரித்தான். அவளை விட்டுவிட்டார்கள். ஸ்கிரேஸைப் பிடிக்க வேண்டுமென்று அங்கே ஒரு பயலுக்கும் தோன்றவில்லை. எனக்கு அவர்கள் மேலும் துப்ப வேண்டும்போல இருந்தது.

வெளியே வந்ததும் டார்கஸ் என் கையை உதறினாள். “ஏன்க்கா சொன்ன? உள்ளயே இருந்திருப்பேன். ஒரு மனுசனக் காப்பாத்துனேன்னாவது இருந்திருக்கும்.”

கொஞ்ச நாள் கழித்து வெங்காயம் வாங்க ஆற்றுக்கு அக்கரையிலுள்ள சவுத்வார்க் சந்தைக்குப் போனேன். அதே தார்த் தொப்பியோடு, ஒரு புதுக் கூட்டாளியுடன் ஸ்கிரேஸ் நின்றிருந்தான். என்னைக் கவனிக்கவில்லை. கூடையும் கையுமாக ஒரு கிராமத்துப் பெண் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள். கூட்டாளிதான் முதலில் பார்த்தான். ஸ்கிரேஸின் விலாவில் இடித்தான்.

“அந்தா பாரு, ஒரு டார்கஸ் வருது.”