காதர் பாய் பூசிய சுண்ணாம்பு

குழந்தைகளே, ஆம்பூரில் நான் மைக் செட் வாடகைக்கு விட்டபோது ஒரு கல்யாணத்தில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் பெரிதும் சிறிதுமாக இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. நாயனம் ஊரெல்லாம் கேட்கட்டும் என்று பெரியதைக் குழாய் ஸ்பீக்கருக்கும், சிறியதைத் தவில் ஒலிக்கும் பெட்டி ஸ்பீக்கருக்கும் கொடுத்தேன். முகூர்த்தத்துக்குச் சற்று முன், அவ்வளவு பவரைத் தாங்காமல் குழாய்க்குள் இருந்த கம்பிச்சுருள் கருகி, சத்தம் நின்றுவிட்டது.

"இன்னாய்யா, மானத்த வாங்குறியே!" என்று பெண்ணின் தகப்பனார் கத்தினார்.

விருந்துக்கு வந்திருந்த காதர் பாய் எழுந்தார். எனக்குப் போட்டியாக மைக் செட் கடை வைத்திருந்தவர். இந்தக் கல்யாணத்தை அவரிடமிருந்து நான்தான் தட்டிப் பறித்திருந்தேன். அவரோ சைக்கிளில் போய்த் தன் குழாயைக் கொண்டுவந்தார்.

"நாயனத்துக்குக் கம்மி பவர் போதும், தோஸ்த். தவிலுக்குத்தான் ஜாஸ்தி வேணும்" என்று ஒயர்களை மாற்றினார்.

குழாயின் மேல் அவர் கடைப்பெயர் பளிச்சென்று இருந்தது. தாம்பூலத் தட்டிலிருந்த சுண்ணாம்பை எடுத்து அதன்மேல் பூசினார்.

"இன்னா பாய் இது?" என்று கேட்டேன்.

"கல்யாணம் உன்னுதுப்பா. கொழாய மேல ஏத்து, தாலி கட்டப் போறாங்க."

நாயனமும் தவிலும் அவ்வளவு தெளிவாக அதுவரை என் செட்டில் கேட்டதில்லை. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அது யாருடைய குழாய் என்று நான் அன்று வாய் திறக்கவில்லை. இன்று உங்களுக்கு எழுதும்போதுதான் அந்தச் சுண்ணாம்பைத் துடைக்கிறேன்.