சிங்கப்பூரில் கப்பல் நேரம்

காலை 9.40. புக்கெட்டிலிருந்து வந்த எங்கள் கப்பல் ஹார்பர்ஃபிரண்டில் நின்றது. மாலை 4.30-க்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று முந்தின இரவே கேபின் கதவுக்கடியில் தாள் போட்டிருந்தார்கள். மேல்வரியைப் படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கரையில் இறங்கியதும் என் போன் தானாகவே ஒரு மணி நேரம் முன்னால் போனது. "உன் வாட்ச்சையும் திருப்பி வை" என்றேன். என் மனைவி சரோஜா சரி என்றாள், திருப்பவில்லை. அவள் நினைப்பெல்லாம் ஜைனம்பு மேல். இருவரும் திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஜைனம்பு கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தபின் முப்பத்தொரு வருடமாகப் பார்த்ததில்லை. கிளினிக் வேலை முடிந்து மூன்று மணிக்கு லிட்டில் இந்தியாவின் டெக்கா சந்தைக்கு வருவதாகக் கப்பலுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். சரோஜாவுக்கு இந்தப் பயணமே அதற்காகத்தான்.

11.30. ஊதா நிற ரயில் பாதையில் மூன்றாவது நிறுத்தம் கிளார்க் கீ. நாற்பது நிமிடப் படகுச் சவாரி, ஆளுக்கு இருபத்தெட்டு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். சிங்கப்பூர் ஆறு மூன்று கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எங்கள் தென்பெண்ணையில் ஆற்றைக் கடக்கவே பாதி தூரம் மணலில் நடக்க வேண்டும். இங்கே கரை முதல் கரை வரை தண்ணீர், அதில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. பழைய கிடங்குகளில் இப்போது உணவகங்கள். தாழ்வான பாலங்களுக்கு அடியில் போகும்போது எல்லோரும் அவசியமில்லாமல் தலையைக் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். வளைகுடாவில் சிங்கத்தலை மீன் சிலை தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தது. சரோஜா அதைப் பார்க்காமல் கைக்கண்ணாடியில் தலையைச் சரிசெய்தாள்.

1.00. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. கோயில் நடை சாத்தியிருந்ததால் ஜாலான் புசார் தெரு வரை நடந்து, இரும்புச் சாமான் கடைகளைப் பார்த்துவிட்டு, 2.50-க்கு டெக்காவில் ஜைனம்பு சொல்லியிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம்.

மூன்று ஆயிற்று. மூன்றேகால். மூன்றரை. ஒரு நாளுக்கு எதற்கு என்று ரோமிங் வேண்டாமென்று சொன்னவன் நான்தான். ஜைனம்புவிடம் கேட்க வழியில்லை.

3.40-க்கு எழுந்தேன். "கிளம்பு. நாலரைக்குக் கப்பல்ல இருக்கணும்."

"ஏங்க, என் வாட்ச்ல ரெண்டு நாற்பதுதான் ஆகுது."

"அதைத்தான் காலையிலயே திருப்பச் சொன்னேன்."

அவள் எழுந்தாள். கடைக்காரரிடம் போய், "ஜைனம்புன்னு ஒருத்தங்க வருவாங்க. கப்பலுக்கு நேரமாயிடுச்சு, ஹார்பர்ஃபிரண்ட் போயிட்டோம்னு சொல்லுங்க அண்ணே" என்றாள்.

"சொல்றேன் லா. கொஞ்சம் வெயிட் பண்ணிப் பாருங்களேன்" என்றார், அந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்து. வண்டி யாருக்காகவும் நிற்காது என்று அவருக்கும் ஒரு பாடம் எடுத்தேன்.

4.10. கப்பல் முனைய வாசலில் இருந்த பெண் எங்கள் பயணி அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். அவளும் தமிழ்தான். "என்ன அங்கிள், இவ்ளோ ஏர்லி? உங்க கப்பல் தாய்லாந்து டைம்லதான் ஓடுது. கப்பலுக்கு இப்போ மூணு பத்துதான். நாலரைன்னா நம்ம டைம் அஞ்சரை லா."

தாளை எடுத்துப் பிரித்தேன். கடைசி வரியில் சின்ன எழுத்தில் அது இருந்தது. அடிவரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ரயில் டிரைவர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! சரோஜா திட்டவில்லை. வாசலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து தன் வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இங்கேயே இரு, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ரயிலேறினேன்.

4.35. தேநீர்க் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையை விரித்தார். "நாலு மணிக்கு வந்தாங்க. ட்யூட்டி முடிய லேட்டாம். நீங்க சொன்னதைச் சொன்னேன், அப்படியே ஓடிட்டாங்க. ஹார்பருக்குத்தான்!"

அவளும் நானும் எதிரெதிர் ரயில்களில் ஏதோ ஒரு சுரங்கத்துக்குள் கடந்து போயிருக்கிறோம். எதிரெதிர் வண்டிகளைப் பத்திரமாக அனுப்பி வைப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

மணி ஐந்துக்குத் திரும்பினேன். பெஞ்சில் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளினிக் சீருடையில், தலையில் முக்காட்டோடு இருந்தவர் ஜைனம்பு. நடுவில் ஒரு டப்பா திறந்திருந்தது, கறி பஃப் பாதி காலி. சரோஜா எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். என் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் தூண் பக்கமே நின்றேன். நான் அங்கே போகாமல் இருந்ததால் அவர்களுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஜைனம்புதான் என்னைக் கவனித்தார். "வாங்கண்ணே! கடைக்காரர் சொன்னதைக் கேட்டதும் கப்பல் போயிருக்கும்னே நெனச்சேன். இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?"

கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. போனை எடுக்காமல் கையை வெளியே எடுத்தேன்.

"சரோஜாவைக் கேளுங்க" என்றேன்.