பருந்துக்குக் கை தட்டாதவர்

என் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டியைப் பற்றிப் பரளச்சியில் யாரிடம் கேட்டாலும், பதட்டமே தெரியாத நல்ல மனுசன் என்பார்கள். அவர் கோழிக்குஞ்சு வளர்க்கிற லட்சணத்தைக் கூட இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கோழியை அடை வைப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். குஞ்சு பொரித்ததும் தாயோடு வெளியே விட்டுவிடுவார். பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூட மாட்டார். காலையில் ஒரு கை கம்பு இறைப்பார், அத்தோடு சரி. பருந்து வட்டமிட்டால் தெருவே கை தட்டி விரட்டும். இவர் கட்டிலில் படுத்தபடி அண்ணாந்து பார்ப்பார்.

நான் கத்தினால், "கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமா? தாய் பாத்துக்கிரும். நீ தறிக்குக் கெளம்பு" என்பார். தாய் மிதிக்கிறதா இப்போது பிரச்சினை? அருப்புக்கோட்டையில் தறி வேலை முடிந்து, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்த்தால் ஒன்றிரண்டு குறைந்திருக்கும். வயிறு எரியும்.

கோழிக்கறிக்காக எரியவில்லை. மகள் பாண்டீஸ்வரி கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தபோது, அவள் பிழைத்தால் சிவப்புச் சேவல் தருகிறேன் என்று கருப்பசாமிக்கு நேர்ந்திருந்தேன். எங்கள் வகையறாவில் வீட்டில் பொரித்த சேவல்தான் செல்லும், விலைக்கு வாங்கியது ஆகாது. அவள் பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டாள், நேர்த்திக்கடன் அப்படியே கிடந்தது. அவள் தும்மினாலும் சாமி குத்தமோ என்று பயந்தேன்.

தொண்ணூற்றிரண்டில் எப்படியோ ஒரு சிவப்புச் சேவல் தேறியது. பஞ்சாரத்தையே பார்க்காமல் வளர்ந்த கழுதை, யார் பிடிக்கும் வராது, கருவேல மரத்தில்தான் அடையும். கருப்பசாமி கோயில் மாசிக் களரித் திருவிழாவுக்குப் போக வண்டி வந்து நின்றது. பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் விரட்டி, முள் கிழித்ததுதான் மிச்சம்.

இவர் கட்டிலை விட்டு எழவில்லை. "சாமி எங்க போயிரப் போகுது? அடுத்த மாசிக்குப் பாப்போம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவரைப் போலவே கம்பை இறைத்து "பா பா பா" என்றேன். சேவல் இறங்கியது. என் காலடிக்கே வந்து கொத்தத் தொடங்கியது. மெல்லக் குனிந்தேன். கையை நீட்டினால் போதும்.

பட்டென்று ஒரு கைதட்டல். சேவல் மரத்துக்குப் பறந்துவிட்டது.

திரும்பினால், இவர் எழுந்து நிற்கிறார். இரண்டு கையும் சேர்ந்தபடி இருந்தன.

"கொசு" என்றார்.

"பருந்துக்கு எத்தனை குஞ்ச வாரிக் குடுத்தீக! பெத்த பிள்ளைக்காகச் சாமிக்கு ஒண்ணு குடுக்க மனசு வரலயா?" என்று கத்தினேன்.

அவர் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்கையோடு வண்டியில் ஏறினேன்.