மாத்திரையை விடச் சொன்னவன்

என் தங்கையின் குழந்தை இறந்ததற்கு நான்தான் காரணம். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

செல்விக்கு இருபத்து நான்கு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. எங்கள் அப்பாவுக்கும் இருந்ததுதான். ஆனால் ஆணுக்கு வந்தால் நோய். கல்யாணமாகாத பெண்ணுக்கு வந்தால் குறை... அப்படித்தான் நினைத்தேன். என் இடத்தில் நீங்கள் வேறு மாதிரி நினைத்திருப்பீர்களா?

கீரனூரிலிருந்து நல்ல இடம் வந்தது. அப்பா இல்லாத வீட்டில் முடிவு என் கையில். நோயைச் சொல்லாமலேயே பேசி முடித்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெட்டி அடுக்கும்போது கேட்டாள்.

"அண்ணே, மாத்திரைய எங்கிட்டு வச்சுக்கிறது?"

"கொஞ்ச நாளைக்கு விட்டுரு தாயி. அங்க பழகுனதுக்கப்பறம் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

சொன்னேனா? இல்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தேன்.

மறுவீட்டு விருந்தில் அவள் பாயசத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். மாமியார் அதைக் கவனித்தார். "தங்கச்சிக்குப் பாயசம்னா உசுரு" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினேன். தலை நிமிராமல் குடித்தாள்... என் மானத்துக்காகக் குடித்தாள்!

மாசமானாள். சோதனைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். அண்ணன் தலைகுனிய வேண்டி வருமே என்ற பயம். ஆறாம் மாதம், குழந்தையின் துடிப்பு வயிற்றுக்குள்ளேயே நின்றுபோனது.

"முன்னாடியே சுகர் இருந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு, "இல்லைங்க" என்றாள்.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை? பிள்ளையை இழந்தவள் வாழாவெட்டியாகவும் வந்து நிற்பாளே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பொய்... எனக்காகத்தான் பயந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாசமா இருக்குன்னு நாந்தான் தம்பி இனிப்பா ஊட்டிவிட்டேன். ஒங்க வீட்டுப் புள்ளைக்குச் சீக்க நாந்தான் குடுத்துட்டேன். மன்னிச்சுருங்க."

"விடுங்கத்தே, நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க" என்றேன்.

ஆம்... அவரை நான் மன்னித்தேன்! அந்த வீட்டில் இன்றும் பொங்கலுக்குக்கூட வெல்லம் போடுவதில்லை.